புனித நாளும் இறுதிப் போட்டியும்: 1965 டாட்ஜர்ஸ் பருவம் எழுப்பிய சமயக் கேள்வி

1965 அக்டோபர் 6 அன்று அமெரிக்க பேஸ்பாலின் உலகத் தொடர் மினசோட்டா மாநிலத்தின் புளூமிங்டன் நகரில், மெட்ரோபாலிடன் ஸ்டேடியத்தில் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸ் அந்த ஆட்டத்தில் இறங்கவில்லை. அன்று யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர், கூஃபாக்ஸ் யூதர். அவர் இல்லாத ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் தோற்றது. எட்டு நாள் கழித்து அதே மைதானத்தில் நடந்த ஏழாவது ஆட்டத்தில் அவரே பந்து வீசி, அணிக்குச் சாம்பியன் பட்டத்தைப் பெற்றுத் தந்தார்.

இந்த நிகழ்ச்சி மூன்று கேள்விகளை எழுப்புகிறது. சமய நெறிகளை அன்றாடம் கடைப்பிடிக்காத ஒருவர் ஒரே ஒரு நாளை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தால், அதைச் சமயச் செயல் என்று கொள்ளலாமா? ஒருவரின் சமயக் கடமையும் அவரை நம்பியிருக்கும் குழுவுக்கு அவர் ஆற்ற வேண்டிய கடமையும் மோதும்போது எதற்கு முதலிடம்? பின்னால் வந்த வெற்றி, முன்னால் எடுத்த நிலையைச் சரியென்று காட்டுகிறதா?

பருவத்தின் போக்கு

அந்த ஆண்டின் டாட்ஜர்ஸ், மட்டை பலத்தால் வென்ற அணி அல்ல. பருவம் முழுவதும் அது அடித்த ஹோம் ரன்கள் 78 மட்டுமே. நேஷனல் லீகில் அதுவே மிகக் குறைவு. மே 1 அன்று முக்கிய மட்டையாளர் டாமி டேவிஸ் கணுக்கால் முறிந்து வெளியேறினார். அவர் இடத்துக்கு, சிறு லீகுகளில் நெடுங்காலம் காத்துக் கிடந்த லூ ஜான்சன் அழைக்கப்பட்டார். பயிற்சியாளராக மாறியிருந்த ஜிம் கில்லியம் மறுபடியும் ஆட்டக்காரராகக் களமிறங்கினார். மோரி வில்ஸ் 94 தளங்களைத் திருடி, அடிக்க முடியாத ரன்களை ஓடியே சேர்க்க வழி செய்தார்.

இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்த ரன்களைக் காத்துக் கொடுத்தது பந்துவீச்சு. டான் டிரைஸ்டேல் 23 ஆட்டங்களில் வென்றார். கூஃபாக்ஸ் 26 ஆட்டங்களில் வென்று, 382 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். நவீன கால பேஸ்பாலில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை அது. செப்டம்பர் 9 அன்று சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிராக, ஒரே ஓர் ஆட்டக்காரரைக்கூட முதல் தளத்தை எட்ட விடாமல் 'பெர்ஃபெக்ட் கேம்' எனப்படும் குறையற்ற ஆட்டத்தை வீசினார். இத்தனையும் வாதம் பற்றிய இடது முழங்கையோடு நடந்தது. மருந்தும் ஊசியும் இல்லாமல் அவரால் வீச முடியவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் கையைப் பனிக்கட்டி நீரில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் தொடர்ந்து 14 ஆட்டங்களில் வென்று முன்னேறியது. டாட்ஜர்ஸ் அதற்குப் பதிலாகத் தொடர்ந்து 13 ஆட்டங்களில் வென்று அதை முந்தியது. அக்டோபர் 2 அன்று மில்வாக்கி பிரேவ்ஸ் அணியைக் கூஃபாக்ஸ் 3-1 என வீழ்த்தியதும் லீக் பட்டம் உறுதியானது. 97 வெற்றி, 65 தோல்வி என்ற கணக்கோடு டாட்ஜர்ஸ் உலகத் தொடருக்கு வந்தது. எதிரே நின்ற மினசோட்டா ட்வின்ஸ் 102 ஆட்டங்களில் வென்ற அணி.

இரண்டு நாட்காட்டிகள்

யோம் கிப்பூர், யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் பத்தாம் நாள். லேவியராகமத்தின் 16, 23 ஆகிய அதிகாரங்கள் அந்த நாளை விதிக்கின்றன. முதல் நாள் சூரியன் மறையும் நேரத்தில் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம், உணவும் நீரும் இல்லை. குளியல், எண்ணெய், தோல் காலணி, தாம்பத்தியம் ஆகியவையும் விலக்கு. ஓய்வுநாளைப் போலவே எல்லா வேலைக்கும் தடை உண்டு. ஆண்டு முழுவதும் தொழுகைக் கூடத்துப் பக்கம் வராத யூதர்கள்கூட அன்று வருவது வழக்கம்.

யூத மாதங்கள் நிலவைப் பின்பற்றுபவை; பருவங்களோடு இசைவதற்காகச் சில ஆண்டுகளில் கூடுதலாக ஒரு மாதம் சேர்க்கப்படுகிறது. அதனால் பொது நாட்காட்டியில் யோம் கிப்பூர் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை நகர்ந்துகொண்டே இருக்கும். பேஸ்பால் பருவம் உச்சத்தை எட்டுவதும் அதே வாரங்களில்தான். 1965இல் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. உலகத் தொடரில் இரவு ஆட்டம் 1971இல்தான் முதன்முதலாக நடந்தது; அதற்கு முன் எல்லா ஆட்டங்களும் பகலிலேயே நடந்ததால், முதல் ஆட்டம் நோன்பின் நடுவே வந்தது. விலகுவதா ஆடுவதா என்பதற்கு இடைப்பட்ட வழி இருக்கவில்லை.

ஏப்ரஹாம் ஜோஷுவா ஹெஷல் என்ற யூத இறையியலாளர், ஓய்வுநாளைப் பற்றி 1951இல் வெளியிட்ட நூலில், யூத சமயம் இடத்தைவிடக் காலத்தையே முதன்மையாகப் புனிதப்படுத்துகிறது என்று வாதிட்டார். அந்த நோக்கில் பார்த்தால் இங்கு நேர்ந்த மோதல் தெளிவாகிறது. கோயில் ஓரிடத்தில் இருந்தால் அதைத் தவிர்த்துவிட்டு வேறு வழியாகப் போகலாம். புனித நாளைத் தவிர்த்துப் போக வழியில்லை. எந்த ஊரில் இருந்தாலும் அது வந்து சேரும். சமூகவியலாளர் எமில் டர்கைம் 1912இல் புனிதத்தை விளக்கியபோது, ஒதுக்கி வைக்கப்பட்டதும் விலக்குகளால் காக்கப்படுவதுமே அதன் இயல்பு என்றார். அதன்படி ஒரு நாளைப் புனிதமாக்குவதில், அன்று செய்யும் வழிபாட்டுக்கு இணையான பங்கு அன்று செய்யாமல் விடும் வேலைக்கும் உண்டு. கூஃபாக்ஸ் அன்று செய்ததாக உறுதியாகச் சொல்லக்கூடியது இந்த இரண்டாவது பங்கு மட்டுமே. அவரை செயின்ட் பால் நகரின் தொழுகைக் கூடத்தில் கண்டதாகச் சிலர் பின்னாளில் சொன்னார்கள். ஹோட்டல் அறையிலேயே இருந்தார் என்பது வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஜேன் லீவியின் முடிவு.

நம்பிக்கை குறைந்தவரின் நோன்பு

முதல் கேள்வியின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. புரூக்ளினில் 1935இல் பிறந்த கூஃபாக்ஸ், சமயப்பற்று மிகுந்த வாழ்க்கை வாழ்ந்தவர் அல்ல. ஓய்வுநாளில் பந்து வீசினார். உணவு விதிகளைக் கறாராகப் பின்பற்றவில்லை. அப்படியிருக்க, ஒரு நாளை மட்டும் பிடித்துக்கொள்வது முரண்பாடு என்று சொல்ல இடமுண்டு. விதியை ஏற்பவர் முழுவதையும் ஏற்க வேண்டும். ஏற்காதவர் ஒன்றை மட்டும் ஏற்பதில் பொருள் இல்லை என்பது அந்த வாதம்.

உள்ளத்து நம்பிக்கையைச் சமயத்தின் அடிப்படையாகக் கொள்ளும் மரபுகளில் இந்த வாதத்துக்கு வலு அதிகம். யூத மரபு செயலுக்குக் கொடுக்கும் இடம் வேறு. சீனாய் மலையடியில் இஸ்ரயேலர் உடன்படிக்கையை ஏற்றதாக யாத்திராகமம் 24ஆம் அதிகாரம் கூறும் இடத்தில், செய்வதாக முதலிலும் கேட்பதாகப் பிறகும் சொல்கிறார்கள். விளங்கிக்கொண்ட பிறகே செய்வேன் என்று நிபந்தனை போடாத இந்த வரிசையை ராபிகள் போற்றி விளக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டளையும் தனித்தனியே நிறைவேறக்கூடியது. ஒன்றில் தவறியவர் மற்றொன்றை நிறைவேற்றும் தகுதியை இழப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க யூதச் சிந்தனை வேறொரு விடையையும் தந்தது. மோர்டெகாய் கப்லன் 1934இல், யூத நெறியை வளர்ந்துவரும் ஒரு சமய நாகரிகமாக விளக்கினார்: கோட்பாடுகளின் தொகுதி என்பதைவிட, வரலாறும் மொழியும் பழக்கங்களும் சேர்ந்த ஒரு மக்களின் வாழ்க்கை அது. இந்தப் பார்வையில் யோம் கிப்பூரைக் காப்பது, கடவுளைப் பற்றிய ஒருவரின் கருத்து எதுவாயினும், தம் மக்களோடு நிற்கும் செயல். வில் ஹெர்பெர்க் 1955இல் இதே போக்கைக் கவலையோடு பார்த்தார். அமெரிக்காவில் சமயம், இறைவன்முன் நிற்பதைவிட, தான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று அடையாளம் காட்டும் வழியாகிவருகிறது என்பது அவர் குறை. கூஃபாக்ஸின் விலகலை இரண்டு பார்வையிலும் படிக்க முடியும். கப்லன் வழியில் அது சமயச் செயலே. ஹெர்பெர்க் வழியில் அது சமயத்தின் நிழல்.

இந்த இழுபறியைத் தீர்க்க உதவுவது, கூஃபாக்ஸ் தாமே தம் நிலையை விவரித்த விதம். 1966இல் வெளிவந்த தன்வரலாற்றில், தாம் முடிவு எடுத்ததாகவே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நாளில் தாம் வேலை செய்வதில்லை என்பது அணிக்குத் தெரியும். வீசுவதற்கான சாத்தியமே இல்லாதபோது முடிவெடுக்க என்ன இருக்கிறது என்பதே அவர் சொன்னதன் சாரம். மெய்யியலாளர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் 1982இல் இத்தகைய நிலையை ஆராய்ந்தார். ஒருவரால் சில செயல்களைச் செய்ய முடியாமல் போவது வலிமைக் குறைவால் மட்டும் அல்ல. தம் பற்றுகளால் அவற்றைச் செய்ய மனம் ஒப்பாமலும் போகலாம். அந்த எல்லைகளே அவர் யார் என்பதை வரையறுக்கின்றன. அடையாளம் காட்டிக்கொள்ள ஒரு செயலைச் செய்பவர் லாப நஷ்டங்களை எடைபோட்டுத் தேர்கிறார். கூஃபாக்ஸிடம் அந்த எடைபோடுதல் இல்லை. ஆகவே ஹெர்பெர்கின் குறை அவரைவிட, அவரைக் கொண்டாடியவர்களுக்கே அதிகம் பொருந்தும்.

அணிக்கான கடமை

இரண்டாவது கேள்விக்கு யூதச் சட்டத்துக்குள்ளேயே ஒரு வரிசைமுறை உண்டு. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி, உயிருக்கு ஆபத்து என்ற ஐயம் எழுந்தாலே நோன்பும் வேலைத்தடையும் விலகும் என்கிறது. நோயாளிக்கு உணவு கொடுக்கலாம். இடிபாட்டில் சிக்கியவரை மீட்கலாம். அதே பகுதி, ஒருவர் கடவுளுக்கு எதிராகச் செய்த பிழையை மட்டுமே அந்த நாள் தீர்க்கும் என்றும், சக மனிதருக்குச் செய்த பிழை அவரைச் சமாதானப்படுத்தும்வரை தீராது என்றும் சொல்கிறது. பிறருக்கான கடமையை அந்த நாள் புறந்தள்ளவில்லை. உயிர் காப்பது நோன்புக்கு மேலே நிற்கிறது. சம்பளமும் புகழும் கோப்பையும் கீழே நிற்கின்றன.

அணிக்குச் செய்த துரோகம் என்ற குற்றச்சாட்டும் நிற்காது. நம்பிக்கைத் துரோகம் ஆக வேண்டுமானால், கொடுத்த வாக்கு மீறப்பட வேண்டும். கூஃபாக்ஸ் யோம் கிப்பூரில் வீசுவதில்லை என்பதை மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன் முன்பே அறிவார். அவருக்குப் பதிலாக இறங்கியவர் 23 வெற்றிகளோடு வந்த டிரைஸ்டேல். அவரைக் கொண்டு தொடரைத் தொடங்குவதை எந்த அணியும் பெருமையாகவே கருதியிருக்கும்.

இங்கே எதிர்த்திசையிலிருந்து ஓர் ஐயம் வருகிறது. இழப்பு இவ்வளவு சிறியதென்றால் அதைத் தியாகம் என்று போற்றுவது ஏன்? ஆட்ட அட்டவணை இதற்கு விடை தருகிறது. பந்துவீச்சாளர் ஒருவருக்கு அக்காலத்தில் இரு ஆட்டங்களுக்கு இடையே மூன்று நாள் ஓய்வு வழக்கம். அக்டோபர் 2இல் வீசிய கூஃபாக்ஸுக்கு 6ஆம் தேதி முதல் ஆட்டம் இயல்பான முறை. அன்று வீசியிருந்தால் 10ஆம் தேதி நான்காம் ஆட்டமும் 14ஆம் தேதி ஏழாம் ஆட்டமும் ஒவ்வொரு முறையும் மூன்று நாள் ஓய்வோடு அமைந்திருக்கும். ஒரு நாள் தள்ளியதால் அவர் 7, 11, 14 ஆகிய தேதிகளில் வீசினார். கடைசி ஆட்டத்துக்கு முன் கிடைத்தது இரண்டே நாள். புனித நாளுக்காக விட்ட ஒரு நாளின் விலையை, வாதம் பற்றிய அதே இடது கையே திருப்பிச் செலுத்தியது.

வெற்றியும் நியாயமும்

முதல் ஆட்டத்தில் டிரைஸ்டேல் மூன்று இன்னிங்ஸ்கூட நிற்கவில்லை. டாட்ஜர்ஸ் 8-2 எனத் தோற்றது. மறுநாள் கூஃபாக்ஸும் ஜிம் காட்டிடம் தோற்றார். தொடர் லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியதும் கிளாட் ஆஸ்டீன், டிரைஸ்டேல், கூஃபாக்ஸ் மூவரும் அடுத்தடுத்து வென்றனர். ஐந்தாம் ஆட்டத்தில் கூஃபாக்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஆறாம் ஆட்டத்தில் ட்வின்ஸின் மட்கேட் கிராண்ட் பந்து வீசியதோடு ஹோம் ரன்னும் அடித்துத் தொடரைச் சமன் செய்தார். கடைசி ஆட்டத்துக்கு, கூடுதல் ஓய்வு பெற்றிருந்த டிரைஸ்டேலை விட்டுக் கூஃபாக்ஸை ஆல்ஸ்டன் தேர்ந்தெடுத்தார். வளைபந்து கைகொடுக்காததால் கூஃபாக்ஸ் பெரும்பாலும் வேகப்பந்தையே நம்பினார். நான்காம் இன்னிங்ஸில் லூ ஜான்சனின் ஹோம் ரன் இடப்பக்க எல்லைக் கம்பத்தில் பட்டது. மூன்று ஹிட்டுகளை மட்டுமே கொடுத்து, பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, 2-0 என ஆட்டத்தை முடித்தார் கூஃபாக்ஸ்.

இந்தக் கதையைப் பக்திக்குக் கிடைத்த பலனாகச் சொல்வது எளிது. அந்த வாசிப்பு இரண்டு இடங்களில் இடறுகிறது. நோன்பு முடிந்த மறுநாளே கூஃபாக்ஸ் தோற்றார் என்பதை அது மறைக்க வேண்டியிருக்கிறது. வென்றதால் சரி என்று சொன்னால், தோற்றிருந்தால் தவறு என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏழாம் ஆட்டத்தின் ஐந்தாம் இன்னிங்ஸில் இரண்டு ட்வின்ஸ் வீரர்கள் தளங்களில் இருந்தபோது, சோயிலோ வெர்சாயெஸ் அடித்த வேகமான பந்தை ஜிம் கில்லியம் மூன்றாம் தளத்தருகே மடக்கிப் பிடித்தார். அவர் கையிலிருந்து அது நழுவியிருந்தால் தொடரே மாறியிருக்கலாம். கில்லியமின் கைத்திறன், கூஃபாக்ஸின் விலகல் சரியா தவறா என்பதை எப்படித் தீர்மானிக்கும்?

மெய்யியலாளர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் விவாதித்த 'அறத்தில் அதிர்ஷ்டம்' என்ற சிக்கல் இதுவே. மனிதரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளவை அவரைப் பற்றிய அறத் தீர்ப்பைப் பாதிக்கக் கூடாது என்று நினைக்கிறோம். ஆனாலும் நடைமுறையில் விளைவைப் பார்த்தே தீர்ப்பு வழங்குகிறோம். பெரிய கலைக்காகக் குடும்பத்தை விட்டுச் செல்பவரின் செயலை, அந்தக் கலை கைகூடியதா என்பதைக் கொண்டே பின்னால் மதிப்பிட முடியும் என்றார் வில்லியம்ஸ். அவர் செயலின் நோக்கமே ஒரு விளைவு என்பதால் அந்த மதிப்பீடு பொருந்துகிறது. நோன்பு அந்த வகையில் சேராது. எதையும் ஈட்டுவதற்காக மேற்கொள்ளாத ஒன்றை, ஈட்டியதைக் கொண்டு அளக்க வழியில்லை. டாட்ஜர்ஸ் பட்டம் வென்றதால் அந்த விலகல் உலகம் முழுக்கத் தெரியவந்தது. அதன் நியாயம் அந்த வெற்றியால் கூடவும் இல்லை, தோல்வியால் குறைந்திருக்கவும் முடியாது.

ஒப்பிடத்தக்க முன்னோரும் பின்னோரும்

1934இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஹாங்க் கிரீன்பெர்க் இதே நெருக்கடியைச் சந்தித்தார். யூதப் புத்தாண்டு அன்று, தயங்கிப் பிறகு ஆடி, இரண்டு ஹோம் ரன்கள் அடித்து அணியை 2-1 என வெல்ல வைத்தார். அடுத்து வந்த யோம் கிப்பூரில் ஆடாமல் தொழுகைக் கூடத்துக்குச் சென்றார். ஹென்றி ஃபோர்டின் பத்திரிகை 1920களில் யூத வெறுப்பைப் பரப்பிய அதே வட்டாரத்தில் இது நடந்தது. கிரீன்பெர்கின் நிலை பேரம் பேசி எட்டிய சமரசம்: ஒரு நாள் ஊருக்கு, ஒரு நாள் மரபுக்கு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்தின் எரிக் லிடெல், தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் 100 மீட்டர் ஓட்டத்தை விட்டு, 400 மீட்டரில் தங்கம் வென்றார். அவர் பின்னாளில் சீனாவில் ஊழியம் செய்தவர்; அவர் விலகல் முழு வாழ்க்கையின் ஒரு பகுதி. அதே டாட்ஜர்ஸில் பிற்காலத்தில் ஆடிய ஷான் கிரீன், 2001இல் யோம் கிப்பூர் ஆட்டத்தை விட்டார். 2004இல் நோன்பு தொடங்கிய மாலை ஆடி, மறுநாள் ஆட்டத்தை மட்டும் விட்டார்.

இவர்களில் லிடெலுக்குக் கோட்பாடு தெளிவாக இருந்தது. கிரீன்பெர்குக்கும் கிரீனுக்கும் சமநிலை தேவைப்பட்டது. கூஃபாக்ஸின் நிலை கோட்பாட்டைச் சொல்லவும் இல்லை, சமரசம் தேடவும் இல்லை. அவர் அதைப் பிறருக்கு முன்மாதிரியாக அறிவிக்கவும் இல்லை.

பொதுவெளியின் எடை

அறிவிக்காவிட்டாலும் அது முன்மாதிரியானது. பிறர் காண ஒருவர் நடக்கும் முறையால் இறைவன் பெயருக்குப் பெருமை சேர்வதை யூத மரபு தனியொரு கடமையாகவே வைத்திருக்கிறது. குடியேறியவர்களின் பிள்ளைகளான அமெரிக்க யூதர்கள் பலர், வேலையையோ தேர்வையோ இழக்க அஞ்சிப் புனித நாட்களில் தங்கள் அடையாளத்தை அடக்கி வைத்திருந்த தலைமுறையைக் கண்டவர்கள். நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு மேடையில் ஒருவர் மன்னிப்புக் கேட்காமலும் விளக்கம் சொல்லாமலும் விலகியபோது, அதே விலகல் தங்களுக்கும் முடியும் என்று அவர்கள் கண்டார்கள். அதே அக்டோபர் 28 அன்று, இயேசுவின் மரணத்துக்கு யூதர்கள் எல்லோர் மீதும் பழி சுமத்தக் கூடாது என்ற அறிக்கையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்டது. காலத்தின் காற்றும் மாறிக்கொண்டிருந்தது.

புகழுக்கு ஒரு தீங்கும் உண்டு. ஒருவர் பெயர் அளவுகோலானதும், அன்று ஆடத் துணிந்த மற்ற யூத வீரர்கள் குறைந்தவர்களாக எண்ணப்படும் நிலை வந்தது. யோம் கிப்பூர், தன்னைத் தானே ஆராயும் நாள். பிறரை எடைபோடும் கருவியாக அது மாறுவது அந்த நாளின் நோக்கத்துக்கே எதிரானது. கூஃபாக்ஸ் அடுத்த பருவத்தோடு, 30 வயதில், முழங்கைக்காக ஆட்டத்தை விட்டார். 1972இல் புகழ்க்கூடத்துக்குத் தேர்வானார். அந்த ஒரு நாளை விரித்துப் பேசி அவர் பெருமை தேடவில்லை.

மூன்று கேள்விகளுக்கும் 1965 பருவம் தரும் விடைகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. சமயச் செயலுக்குக் குறையற்ற பக்தன் தேவையில்லை. பேரம் பேசாத ஓர் எல்லை போதும். குழுவுக்கான கடமை உண்மையானது. ஆனால் முன்பே அறிவித்து, விலையைத் தானே ஏற்பவர் அதை மீறுவதில்லை. வெற்றி அந்த எல்லையைப் புகழ்பெறச் செய்யலாம். அதைச் சரியாக்கும் ஆற்றல் வெற்றிக்கு இல்லை.